குடியை விட்டவர்களின் கூட்டம்: நெய்யாற்றங்கரையிலும் இலங்கையிலும்

குடியை நிறுத்த விரும்புவோர் ஒன்றுகூடித் தம் கதையைத் தாமே பேசும் கூட்டமுறை 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் அதைத் தொடங்கினர், இருவருமே குடிநோயாளிகள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கொழும்பிலும் கேரள எல்லையிலும் இந்த விதி ஒன்றுதான். அந்த அறைக்கு ஒருவர் எந்த வழியாக வந்து சேர்கிறார் என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரம் மதுவிலக்குப் பேச்சுக்குப் புதிதல்ல. பெருங்கடவிளைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில்தான் சமூகச் சீர்திருத்தத் துறவி ஸ்ரீநாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவினார். கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த தம் மக்களிடமே, கள்ளை இறக்கவும் விற்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று சொன்னவர் அவர். ஆனாலும் குருவின் அறிவுரையும் இன்றைய கூட்டமும் ஒன்றல்ல. முன்னது ஒரு சமூகத்தைத் திருத்த மேலிருந்து வந்த குரல். பின்னதில் அறிவுரை சொல்ல ஆளே இல்லை.

இந்த வட்டாரத்தில் ஒருவர் உதவி தேடினால் முதலில் எட்டுவது அரசு மருத்துவமனையே. கேரள ஆயத்தீர்வைத் துறை 2016-இல் தொடங்கிய விமுக்தி என்ற போதை எதிர்ப்பு இயக்கத்தின் திருவனந்தபுரம் மாவட்ட மையம் நெய்யாற்றங்கரைப் பொது மருத்துவமனையில் அமைந்தது. நாள்பட்ட குடியைத் திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம் முற்றி வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். ஆகவே உடம்பைத் தேற்றும் வேலை மருத்துவருடையது. கூட்டத்தின் வேலை அதன் பிறகு, ஆண்டுக்கணக்கில் நீள்வது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையும் சிகிச்சை முடிந்தவர்களை ஏ.ஏ. கூட்டங்களுக்கு அனுப்பும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பரப்பியது.

ஆனால் இந்தியக் கிராமங்களில் பலரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவது மருத்துவரின் சீட்டன்று, ஏற்கெனவே குடியை விட்ட ஓர் உறவுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். பள்ளி அறையிலோ தேவாலயக் கூடத்திலோ மாலையில் நாற்காலி போடுகிறார்கள். ஒருவர் எழுந்து தம் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குகிறார், மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை. புதியவர் பேசாமல் கேட்டுவிட்டுப் போகலாம். ஒரு நாள் குடிக்காதிருப்பதே இலக்கு. மறுநாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். மூத்த உறுப்பினர் ஒருவர் ஸ்பான்சராக நின்று, ஆசை கிளம்பும் நேரத்தில் தொலைபேசியை எடுக்கிறார். எல்லைக் கிராமத்தாருக்கு இன்னொரு வசதியும் உண்டு: மலையாளம், தமிழ் இரண்டும் காதில் ஏறும். உள்ளூரில் முகம் தெரிந்துவிடும் என்று கூசுபவர் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பஸ் ஏறிவிடலாம். அந்தக் கூச்சம் அற்பமானதல்ல. பெண்களைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்துவது அதுதான்.

இலங்கையிலும் மதுவெதிர்ப்பு பழையது. 1912-ஐ ஒட்டி, தவறணைகள் எனும் மதுக்கடைகள் பெருகியதை எதிர்த்து எழுந்த இயக்கம் பின்னாளைய அரசியல் தலைவர்கள் சிலரையே உருவாக்கியது. எனினும் ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றி வேர்விட்டன; அங்கே ஆங்கிலமும் சிங்களமும்தான் முந்தி. 1974-இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தன்னார்வ அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடி, போதைக்கு உள்ளானவர்களையும் அவர்களது குடும்பத்தாரையும் தனித்தனியாக அழைத்துப் பேசும் முறையைக் கையாள்கிறது. வடக்கிலும் மலையகத்திலும் உள்ள தமிழருக்கு வழி பெரும்பாலும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவாகத்தான் அமைகிறது. யாழ்ப்பாணத்தார் தெல்லிப்பழைக்கோ வேறு ஆதார வைத்தியசாலைக்கோ போகிறார்கள். கிளினிக் கொப்பியில் பெயர் ஏறுகிறது. அடுத்த தவணை குறிக்கப்படுகிறது. வராவிட்டால் தேடிப்போகும் சமூக உளநல ஊழியரும் சில இடங்களில் உண்டு.

இலங்கை முறை நோயாளியைக் கைவிடாமல் பிடித்துக்கொள்கிறது, ஆனால் பெயரை மறைக்க விடுவதில்லை. இந்திய முறை முழுப்பெயரைக் கேட்பதில்லை. ஒருவர் வராமல் நின்றுவிட்டால், ஸ்பான்சர் தேடினால்தான் உண்டு. உள்நாட்டுப் போரில் இழந்தவற்றின் துயரமும் குடியும் பின்னிக்கிடக்கும் வடக்கில், மருத்துவரோடு தொடங்குவது பொருத்தமே. அதோடு தமிழில் கூடும் சக குடிநோயாளிகளின் வட்டமும் ஊர்தோறும் இருந்தால், ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவிலான இடைவெளி இவ்வளவு ஆபத்தாக இராது.

குடிப்பவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டமுறை 1951 முதல் இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ தாயோ தனியே அதற்குப் போகலாம். கேரளத்தில் விமுக்தியின் கட்டணமில்லா எண் 14405. இலங்கையில் தேசிய உளநல உதவி எண் 1926. தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் எண் 1927.