பாதிச் சாட்சியம்

1993இல் சன் தொலைக்காட்சியும் 1999இல் ஜெயா தொலைக்காட்சியும் தோன்றியபின், தமிழகத் தேர்தல் செய்திகள் கட்சிக்கொரு கண் பெற்றன. 2006ஆம் ஆண்டுத் தேர்தலிலோ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியே இலவச வாக்குறுதியாயிற்று.

ஒரே பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்வரிசை நெரிசலைக் காட்டுவார். மற்றவர் பின்வரிசையின் வெற்று நாற்காலிகளைக் காட்டுவார். இரு படங்களும் மெய்யே. எனினும் இரண்டும் பாதிச் சாட்சியம். அவற்றை ஒட்டினாலும் முழுமை வாராது. திருவாலங்காட்டு வயல் முதல் கும்மிடிப்பூண்டி ஆலை வரை உழைப்போரின் கூலிக் கேள்வி அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துவிடும்.

செய்தி உண்மையாயிருப்பதோடு, நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையாகவும் இருக்கவேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஏடு கற்பிக்கிறது. சார்பு கொள்வதை நாம் குற்றமென்னோம்; சார்பைச் செய்தியென விற்பதே எட்டாம் கட்டளைக்கு மாறானது. இருவரும் காட்டாமல் விட்டதைத் தேடியறிந்த பின்னரே நாம் வாக்களிப்போமாக. வாக்கும் ஒரு சாட்சியமன்றோ!