இறந்த இடத்தில் தங்கிவிடும் பதிவு

தருமபுரி மாவட்டம் மொரப்பூர்ப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் அது இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று, அன்றைக்கே தெருமுனையில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலி பேனர். மற்றொன்று, பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி. பேனரில் படம், ஊரறிந்த பெயர், வயது, மகன், மருமகன், பேரன், பங்காளி என்று ஒரு குடும்பமே நிற்கும். பதிவேட்டில் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், பாலினம், வயது, தேதி, இடம், முகவரி. சில வாரம் வெயில் பட்டதும் பேனர் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடும். பதிவேட்டு வரி மட்டும் நூறு ஆண்டு கழித்தும் இருக்க வேண்டியது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், காப்பீட்டுத் தொகை, விதவை ஓய்வூதியம், உழவர் பாதுகாப்புத் திட்ட உதவி என எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த வரியின் நகல்தான்.

இந்தப் பதிவேட்டு முறையின் பெரிய பலத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நாளிதழில் நீத்தார் அறிவிப்பு போடக் காசு வேண்டும். கல்லறையில் பெயர் பொறிக்கவும் வசதி வேண்டும். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்போன மண். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கையில், யார் பட்டான் என்று அக்கற்கள் சொல்கின்றன. பெயர், காலம், இடம், சாவின் காரணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது வீரனுக்கு மட்டும் கிடைத்த மரியாதை. அவன் மீட்ட மாட்டை மேய்த்தவனுக்குக் கல் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அந்த வேறுபாடு கிடையாது. மிராசுதாருக்கும் ஒரு வரி, களை பறித்த கிழவிக்கும் ஒரு வரி. 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவும் இலவசம், தெரிவித்தவருக்குத் தரப்படும் முதல் நகலும் இலவசம். ஏழைக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் இதைவிட்டால் வேறு எழுத்துச் சான்று இருக்காது.

குறை தொடங்குவது இடத்தில். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. மொரப்பூர்க்காரர் வீட்டிலேயே இறந்தால் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) சொன்னால் போதும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் பதிவு தருமபுரியில். சேலத்துக்குக் கொண்டுபோய் அங்கே முடிந்தால் சேலத்தில். கட்டட வேலைக்குப் போன மகன் பெங்களூரில் இறந்தால் கர்நாடகத்தின் ஏட்டில், அந்த மாநிலத்தின் நடைமுறைப்படி. சென்னை - சேலம் ரயில் பாதை ஊரை ஒட்டியே போகிறது. ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவரின் சாவு காவல்துறை விசாரணைக்குப் பிறகு வேறோர் எல்லையில் பதிவாகும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருப்பார்கள், கருமாதியும் இங்கேதான் நடந்திருக்கும். ஊர் முழுக்கத் தெரிந்த சாவு, ஆனால் ஊர் ஏட்டில் இல்லை.

பத்து, இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை பட்டா மாற்றக் கிளம்பும்போது இது இடறுகிறது. மொரப்பூர் ஏட்டில் தேடுகிறார், இல்லை என்கிறார்கள். பதிவே செய்யவில்லை என்று நினைத்துக் காலங்கடந்த பதிவுக்கு மனுப்போடுகிறார். உண்மையில் பதிவு வேறோர் ஊரில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

நிகழ்ந்த இடத்தில் பதிவது என்ற விதிக்கு நியாயம் உண்டு. ஒரே சாவு இரண்டு இடத்தில் எண்ணப்படாமல் அது தடுக்கிறது. ஒரு பகுதியில் நோய் பரவினால் அங்கேயே தெரிகிறது. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இறந்தவரின் நிரந்தர முகவரியும் அதே படிவத்தில் எழுதப்படுகிறது. காகித ஏடு மட்டும் இருந்த காலத்தில் அந்த முகவரி வெறும் கட்டத்தை நிரப்பியது, சரி. இன்று தமிழகம் முழுக்க இறப்புப் பதிவு கணினியில் நடக்கிறது, நகலையும் இணையத்தில் எடுக்கலாம். தருமபுரியில் பதிந்த சாவைப் பற்றி மொரப்பூர் வி.ஏ.ஓ.வுக்கு ஒரு வரித் தகவல் தானாகப் போக இனி என்ன தடை? இதைச் செய்யாமல் விட்டிருப்பதைத்தான் இம்முறையின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

அடுத்தது பெயர். துக்க வீட்டில் பதற்றத்தோடு போய்ச் சொல்கிறவர் வாயில் கூப்பிடுகிற பெயர்தான் வரும். ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, ஏட்டில் ஒன்று என்று மூன்றாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு ஊரும் தலைப்பெழுத்தும் மாறிய பெண்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. இந்த ஓர் இடத்தில் பேனர் பதிவேட்டை வென்றுவிடுகிறது: அசல் பெயரையும் பட்டப்பெயரையும் ‘என்கிற’ போட்டு இரண்டையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தாரின் மரண அறிவித்தல்கள் இதைவிட ஒழுங்கானவை. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், அவர்கள் இருக்கும் நாடுகள் வரை வரிசையாக வரும். சட்டத்தின் முன் தனித்து நிற்காவிட்டாலும், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தேடுபவருக்கு வழி காட்ட இப்படி ஓர் அறிவிப்போ பழைய காரியப் பத்திரிகையோ போதும். ஆண்டு தெரியாமல் தேடப் போனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தேடுதல் கட்டணம் கூடிக்கொண்டே போகும்.

பழைய சாவுகளைத் தேடுவோர் மொரப்பூரின் நிர்வாக வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1965 அக்டோபர் 2 வரை இது சேலம் மாவட்டம். 1899இன் சென்னை மாகாணச் சட்டப்படி ஏட்டை எழுதிவந்தவர் கிராமத் தலைவர். பரம்பரைக் கிராமப் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகே வி.ஏ.ஓ. வந்தார். கிராமங்களின் பழைய ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகக் காப்பறைகளுக்குப் போயிருக்கின்றன, அதனால் வி.ஏ.ஓ. கையை விரித்தால் தேடல் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. ஆனால் ஏடு இருந்தாலே சாவு இருக்கும் என்றும் நம்ப முடியாது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19,66,995. தாது வருடப் பஞ்சம் முடிந்து 1881இல் எண்ணியபோது 15,99,595. அத்தனை சாவையும் அன்றைய கிராமக் கணக்கு பிடிக்கவில்லை. எழுத வேண்டியவனும் பஞ்சத்தில் சிக்கியிருந்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் அந்த இழப்பை வெளியே காட்டியது.

ஏட்டில் ஏறாத சாவு இந்த மாவட்டத்துக்குப் பழங்கதையும் அல்ல. 1990களில் தருமபுரியிலும் சேலத்திலும் பிறந்த சில நாளில் பெண் குழந்தைகள் சாகடிக்கப்பட்டார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் வந்தது. இந்தக் கொடுமையின் அளவு எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். ஷீலா ராணி சுங்கத்தும் வி. பி. ஆத்ரேயாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைக் கொண்டு எழுதப்பட்டது. சிசு மரணத்துக்கான காரணங்களில் ‘சமூகக் காரணம்’ என்று ஒன்றும் அங்கே எழுதப்பட்டிருந்தது. வீடு வீடாகப் போன கிராம சுகாதார செவிலியர்கள் குறித்துவைத்தது அது. உறவினர் வந்து சொல்லும் வரை காத்திருக்கும் ஏட்டில், குற்றவாளியே உறவினராக இருக்கும் சாவு எப்படி ஏறும்? தகவல் சொல்லும் பொறுப்பைக் குடும்பத்தின் மேல் மட்டும் வைக்கும் முறைக்குள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை.

சாவின் காரணம் நகலில் இருக்காது. பதிவேட்டை யாரும் தேடிக் கேட்கலாம், ஆனால் தரப்படும் நகலில் காரணத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்பது 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு. தற்கொலையும் பால்வினை நோயும் தெருப்பேச்சாகாமல் காக்கும் இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் கொரோனா காலத்தில் உதவித்தொகைக்கு அலைந்த குடும்பங்களுக்கு இதுவே சுவரானது. 2021 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம் தலையிட்டு, காரணம் குறித்த சான்று கிடைக்கும் வழியை எளிதாக்கச் சொன்னது. 2023இன் திருத்தச் சட்டம், காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று எழுதிவிட்டது. ஊருக்கு மறைத்து உறவுக்குச் சொல்வது நல்ல தீர்வு. வைத்தியம் பார்க்காமல் வீட்டிலேயே இறப்பவர்களுக்கு மட்டும் இதனால் பலன் இல்லை.

அதே திருத்தம் இன்னொரு முடிச்சையும் தளர்த்தியது. ஓராண்டு தாண்டிய பதிவுக்கு முன்பு மூலச் சட்டப்படி முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு வந்தது. மொரப்பூர்க்காரர் அரூர்க் கோட்டாட்சியரை அணுகலாம். ஆனால் அதற்கான ‘பதிவு இல்லை’ என்ற சான்றைக் கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: கடைசி நாட்களில் அவர் எந்த மருத்துவமனையில் இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, அந்த ஊர்ப் பதிவாளரிடம் தேடுங்கள். இன்று துக்கம் நடந்த வீடாக இருந்தால் 21 நாளுக்குள், ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பெயர் சொல்லிப் பதியுங்கள். கருமாதிப் பத்திரிகை அச்சடிக்கும்போது எந்த ஊரில் பதிவானது என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அரசு செய்ய வேண்டியது, நிரந்தர முகவரி உள்ள ஊருக்குத் தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்துவதும், காப்பறையில் பொடியாகிக்கொண்டிருக்கும் கிராம ஏடுகளை உடனே கணினியில் ஏற்றுவதும்.