எண்ணும் சாட்சியும்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். 'வெகு காலத்துக்கு முன்' என்று எழுதினால் வாசகர் தயங்குவார். 'பதினேழு வருஷம் மூன்று மாதத்துக்கு முன்' என்றால் நம்பிவிடுவார். துல்லியம் உண்மை மாதிரி வேஷம் போட்டுக்கொள்ளும். அதனாலேயே அது உண்மையாகிவிடாது.

இறையனார் களவியல் உரை சொல்லும் முச்சங்க வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது. முதற்சங்கம் 4440 வருஷம், இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. ஆக 9990. ஆதரித்த அரசர்கள் முறையே 89, 59, 49 பேர். இத்தனை விவரம் சொல்கிறவர் கற்பனையா செய்திருப்பார் என்று பலர் கேட்கிறார்கள். விவரத்தைக் கண்டுதான் எனக்குச் சந்தேகமே வருகிறது. மூன்று கால அளவுகளும் 370-ஆல் மீதியில்லாமல் வகுபடுகின்றன: 12 மடங்கு, 10 மடங்கு, 5 மடங்கு. இடைச்சங்கத்தில் 59 அரசர்கள் 3700 வருஷம் ஆண்டார்கள் என்றால், ஆளுக்குச் சராசரி 62 வருஷத்துக்கு மேல். ஓர் அரசன் அப்படி ஆளலாம். வரிசையாக ஐம்பத்தொன்பது பேர் ஆள முடியுமா? இந்த உரையும் பல தலைமுறை வாய்மொழியாகவே வந்தது என்று அந்த நூலே சொல்கிறது.

பழமை என்றாலே நம்பாதவன் நான் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. 9990-ஐ ஏற்க மறுக்கும் நான், 15 லட்சத்தை ஏற்கிறேன்!

எங்கள் முத்தாபுதுப்பேட்டைக்கு மேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். பின்னால் சாந்தி பப்புவும் அவருடன் சேர்ந்தவர்களும் அங்கே அகழ்ந்து, 2011-ல் அவற்றின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று வெளியிட்டார்கள். எப்படித் தெரிந்தது? விண்கதிர் பட்ட கல்லில் உண்டாகும் ஒருவகை அலுமினியமும் பெரிலியமும், கல் மண்ணுக்குள் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. எஞ்சியதை அளந்து கணக்கிட்டார்கள். படிந்த மண்ணில் பதிந்திருந்த பழைய காந்தத் திசையையும் தனியே சோதித்தார்கள். ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போயின. அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, எழுபதினாயிரம் வருஷம் முன்பின் இருக்கலாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டதுதான். நல்ல சாட்சி தன் எல்லையைத் தானே சொல்லும். 9990-க்கு முன்பின் கிடையாது.

ஆனால் நம் ஆட்கள் அங்கே நிற்பதில்லை. 'தமிழனுக்கு வயது பதினைந்து லட்சம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கல் மொழி பேசவில்லை. அதைச் செதுக்கியவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. யாரோ ஒரு கை அதைச் செதுக்கியது, அவ்வளவுதான் சாட்சியம். நல்ல சாட்சியைச் சொல்லாததைச் சொல்ல வைப்பதும் பொய்ச்சாட்சிதான்.

சங்கப் பாட்டுகள் நல்ல பாட்டுகள். அவற்றை ரசிக்க 9990 வருஷம் வேண்டியதில்லை. பெருமைக்காக ஆதாரத்தைத் தேடுகிறவனுக்கு எந்த ஆதாரமும் போதும். உண்மைக்காகத் தேடுகிறவனுக்குத்தான் ஆதாரத்தின் தரம் முக்கியம்.