சுப்புவின் மலர்ந்த முகத்துக்கு முந்தைய வரி

அசோகமித்திரனை நான் முதலில் படித்தது தமிழில் அல்ல, சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நூலின் ஒரு பகுதி, ‘பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்’ என்ற தலைப்பில் எங்களுக்குப் பாடமாக இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளியில், “இது கண்டிப்பா வரும்” என்று மிஸ் அடிக்கோடு போடச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: கொத்தமங்கலம் சுப்புவின் குணநலன்களை விவரி. பதில் எல்லோருக்கும் மனப்பாடம். எப்போதும் மலர்ந்த முகம். முதலாளியிடம் விசுவாசம். எந்தச் சிக்கலுக்கும் கைவசம் தீர்வு. எல்லோரைப் பற்றியும் நல்ல வார்த்தை. ஐந்து மார்க்.

ஏழெட்டு வருடம் கழித்து, புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு சோழிங்கநல்லூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் கிட்டத்தட்ட அதே பட்டியலைத் திரையில் பார்த்தேன். தலைப்பு மட்டும் வேறு: எமோஷனல் இன்டெலிஜென்ஸ். பயிற்சியாளர் உற்சாகமாகச் சொன்னார்: “வெற்றிக்கு இருபது சதவீதம்தான் அறிவு. மீதி எண்பது உங்க ஆட்டிட்யூட்.” நாங்கள் குறித்துக்கொண்டோம்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் உணர்ச்சி நுண்ணறிவு என்ற கருத்தை ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்தார்கள். 1995இல் பத்திரிகையாளர் டேனியல் கோல்மன் அதைத் தன் புத்தகத்தின் மூலம் உலகெங்கும் கொண்டுபோனார். வாழ்க்கை வெற்றியைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஐக்யூவின் பங்கு அதிகபட்சம் இருபது சதவீதம், மீதி பிற காரணிகள் என்பதுதான் அவர் எழுதியது. அந்தப் பிற காரணிகளில் பிறந்த குடும்பமும் வர்க்கமும் அதிர்ஷ்டமும் அடக்கம். பயிற்சி அறைகளுக்கு வந்து சேர்வதற்குள் அந்த எண்பதும் மொத்தமாக ஆட்டிட்யூட் கணக்கில் வரவாகிவிட்டது. பிறப்பும் வசதியும் கழன்று, குணம் மட்டும் மிஞ்சியது.

அசோகமித்திரனைத் திரும்பப் படித்தபோது அதே மாதிரி ஒரு நழுவல் எங்கள் ஐந்து மார்க் பதிலிலும் இருப்பது தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் அந்தக் கட்டுரையின் ஆட்களைப் பார்த்துவிடலாம்.

ஜெமினியில் அசோகமித்திரனின் வேலை, செய்தித்தாள்களிலிருந்து செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கும் ஆளுக்கு வேலையே இல்லை என்று நினைத்து, யார் வேண்டுமானாலும் அவர் அறைக்குள் வந்து தங்கள் குறையைக் கொட்டலாம். அடிக்கடி வருகிறவர் ஒப்பனைப் பிரிவின் ‘ஆபீஸ் பையன்’. பையனுக்கு வயது நாற்பதுக்கு மேல். நடிகராகவோ இயக்குநராகவோ பாடலாசிரியராகவோ ஆகலாம் என்று வந்தவர், கூட்டக் காட்சி நடிகர்களுக்கு முகத்தில் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். தன் திறமை வீணானதற்கெல்லாம் ஒரே காரணம் சுப்பு என்பது அவர் முடிவு.

சுப்பு ஸ்டூடியோவில் வாசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவர், ‘ஔவையார்’ படத்தை இயக்கியவர். ஒரு காட்சியை எப்படி எடுப்பது என்று தயாரிப்பாளர் திகைத்து நின்றால் அந்த இடத்திலேயே பதினான்கு வழி சொல்வார். அவர் வீட்டில் உறவினர்களும் தெரிந்தவர்களும் நிரந்தரமாகத் தங்கியிருந்தார்கள். அசோகமித்திரன் அவரை வில்லனாக்கவில்லை. ஆபீஸ் பையனின் கசப்பையும் நியாயப்படுத்தவில்லை, அதைக் கொஞ்சம் சிரித்தபடிதான் சொல்கிறார்.

நழுவல் இங்கேதான். சுப்புவின் மலர்ந்த முகத்தைச் சொல்லும் வாக்கியத்துக்குச் சற்று முன்னால் அசோகமித்திரன் இருவரையும் ஒப்பிடுகிறார். சினிமாவுக்குள் வரும்போது சுப்புவுக்குப் பெரிய வாய்ப்பு எதுவும் காத்திருக்கவில்லை. முறையான படிப்பிலும் அந்தப் பையனைவிடப் பெரிதாக முந்தியிருக்க முடியாது. ஆனால் பிராமணராகப் பிறந்ததால் வசதியான சூழல்களும் மனிதர்களும் அவருக்கு முன்பே பழகியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, பிறப்பு ஒரு தகுதியாக இருப்பதைப் பற்றி இரண்டே வார்த்தையில் ஒரு குத்தல். அடுத்த வாக்கியம்: சுப்பு எப்போதும் மலர்ந்த முகத்துடன் இருக்கக்கூடியவர்.

நாங்கள் மனப்பாடம் செய்தது இரண்டாவது வாக்கியத்தை மட்டும். முதல் வாக்கியத்துக்கு மிஸ் அடிக்கோடு போடச் சொல்லவில்லை. ஆனால் அவை அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளி முன் கைகால் உதறாமல் நிற்கவும், படம் தோற்ற மறுநாளும் சிரிக்கவும் ஒரு மனிதனுக்குச் சின்ன வயதிலிருந்து ஏதோ ஒன்று கையிருப்பாக இருக்க வேண்டும். தோற்றாலும் எங்கேயும் போய்விட மாட்டோம் என்ற தெம்பு அது. அதைத்தான் நாம் பிறகு குணம் என்கிறோம்.

அசோகமித்திரனிடம் எனக்குள்ள குறையும் இங்கேதான். அவ்வளவு பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சுப்புவுக்கு என்ன கையிருப்பு என்று ஊகிக்கிறவர், ஆபீஸ் பையனுக்கு அது ஏன் இல்லை என்று கேட்கவில்லை. அவருக்குப் பெயர்கூடத் தரவில்லை. புலம்பல் மட்டும் நம் காதில் விழுகிறது. புலம்புகிறவனை யாருக்கும் பிடிக்காது, வாசகனுக்கும்.

எனக்கும் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் ஐந்து பேர் கொண்ட சின்ன அணிக்கு லீட். மழை பிடித்ததும் பல கம்பெனிகள் செய்ததுபோல எங்கள் கம்பெனியும் ஆட்களை பஸ் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பியது. நானும் போனேன். வீடு கேம்ப் ரோடு பக்கம் இரண்டாவது மாடி, அப்பா அம்மா பத்திரமாக இருந்தார்கள். அணியில் ஒருவர் மட்டும் வரவில்லை. வீடு முடிச்சூரில், தரைத்தளம். அடையாற்றுத் தண்ணீர் புகுந்த பகுதி. ஒரு வாரம் அவரிடமிருந்து தகவலே இல்லை.

திரும்பி வந்ததும் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

“ஒரு ஃபோனாவது பண்ணியிருக்கலாம்ல?”

“சார்ஜ் இல்ல சார். வீட்ல இடுப்பளவு தண்ணி.”

“தண்ணி எல்லாருக்கும்தான் வந்துச்சு.”

“எல்லாருக்கும் வரல சார்.”

அவ்வளவுதான் பேச்சு. குரல் உயரவில்லை. ஆனால் அறையே இறுகிப்போனது. மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அடுத்த மார்ச்சில் அப்ரைசல். பெல் கர்வ் இருந்த காலம். எப்படியும் யாராவது ஒருவர் கடைசித் தட்டில் உட்கார வேண்டும். ஐந்து பேரில் அவருடைய கோடில்தான் குறைவாகப் பிழை வரும். நான் எழுதினேன்: டெக்னிகலாக நல்லவர், நெருக்கடி நேரத்தில் ஆட்டிட்யூட் மேம்பட வேண்டும். எனக்கு வந்த குறிப்பு: நெருக்கடியிலும் நேர்மறையான அணுகுமுறை, அணியை உற்சாகமாக வைத்திருந்தார். அந்த வருடம் எனக்கு நல்ல ஹைக். அவர் ஆறு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டார்.

என் உற்சாகம் பொய்யல்ல, உண்மையாகவே உற்சாகமாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த உற்சாகத்தில் இரண்டாவது மாடிக்கு எவ்வளவு பங்கு என்று அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

அப்படியென்றால் குணத்துக்கு வேலையில் இடமே இல்லையா? இருக்கிறது. பத்து மணி நேரம் பக்கத்தில் உட்காருகிறவர் சிடுசிடுப்பவராக இருந்தால் வேலை நடக்காது. சுப்பு சொன்ன பதினான்கு வழிகளும் நிஜமான திறமை, வெறும் புன்னகை அல்ல. ஆனால் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை வைத்துச் சொன்னது இது: வேலைக்காகச் சிரிப்பதும் உழைப்பே, அதற்கும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்று நான் சேர்த்துக்கொள்வேன். காய்ந்த வீட்டிலிருந்து வருகிறவனுக்குச் சிரிப்பு மலிவு.

ஜெமினியில் இன்னொருவரும் உண்டு: கதை இலாகாவின் வக்கீல். படப்பிடிப்பில் கோபத்தில் கத்திய ஒரு நடிகையின் பேச்சைச் சத்தமில்லாமல் பதிவு செய்து, அவருக்கே போட்டுக் காட்டினார். கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண் அதிலிருந்து மீளவே இல்லை. தான் பதறாமல், அடுத்தவரின் பதற்றத்தைச் சரியாகப் பிடித்தவர் அந்த வக்கீல். என் பயிற்சி அட்டவணையில் அவருக்கு நல்ல மதிப்பெண் விழும். பின்னால் முதலாளி கதை இலாகாவையே மூடியபோது கவிஞர்களோடு அவருக்கும் வேலை போனது. அந்த நிதானம் அங்கே எதையும் காப்பாற்றவில்லை.

அசோகமித்திரன் 2017 மார்ச்சில் வேளச்சேரியில் மறைந்தார். தாம்பரத்திலிருந்து அலுவலகம் போகும் வழியில் அப்போது தினமும் வேளச்சேரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒருமுறையும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்க ஒரு கேள்வி இருந்தது: அந்த ஆபீஸ் பையனின் பெயர் என்ன?

இப்போது எனக்குக் கீழே பதினொரு பேர். படிவத்தில் ஆட்டிட்யூட் என்ற கட்டம் இன்னும் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன மார்ச்சில் ஒரு பெண்ணைப் பற்றி ‘அழைப்புகளில் ஈடுபாடு குறைவு’ என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். எழுந்து போய், “எங்கேருந்து வர்றீங்கம்மா?” என்று கேட்டேன். மறைமலை நகர். போக மூன்று மணி நேரம் ஆகிறதாம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். இடத்துக்கு வந்து அந்த வரியை அழித்தேன். அவருக்கு ரேட்டிங் ஏறவில்லை, அது என் கையில் இல்லை. முந்தைய வாக்கியத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.