பழைய இலையா, துளிரா?

மீன்தொட்டிச் செடியின் பசியை இலையிலேயே வாசிக்கலாம். அந்த வாசிப்பில் எனக்குத் தீராத பிரியம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது, இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் வெண்டி. உப்புக் கரிக்கும் கிணற்று நீர் மட்டும் வேண்டாம்.

பழைய இலை முழுக்க மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு. அதிலே ஊசித்துளை விழுந்து ஓரம் கருகினால் பொட்டாசியம். இவ்விரண்டையும் செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவித் துளிருக்கு ஊட்டிவிடும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் இயலாது. ஆகவே துளிர்தான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். என்ன அழகான கணக்கு!

வெண்டி பெரிதும் வேரால் உண்பது. வேரடியில் உர வில்லை புதையுங்கள். இடம் மாற்றியதும் இலைகள் கரைந்தால் அது பசியல்ல. பிடுங்கி எறியாதீர்கள், அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்.