வயர்லெஸ் ரிசீவரும் செம்மேட்டு ஈரமும்

தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கும் எந்த போனிலும் முதலில் தேய்வது சார்ஜர் சொருகும் வாய்தான். கொல்லிமலையில் அது தேயக் காரணங்கள் கூடுதல். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி செம்மேட்டுக்கு வந்தால், ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர், ஜீப் ஓட்டுபவர், பைக்கில் வந்த சுற்றுலாக்காரர் என்று எல்லாருமே ஈரக் கையோடுதான் போனை எடுக்கிறார்கள். ராத்திரி அதே ஈரத்தோடு சார்ஜில் போடுகிறார்கள்.

இதற்கு ஒரு குறுக்கு வழி பல வருடமாகவே உண்டு. போனில் வயர்லெஸ் சார்ஜிங் இல்லையென்றால் தனியாக ஒரு ரிசீவர் வாங்கி ஒட்டிக்கொள்வது. விசிட்டிங் கார்டு அளவில் மெல்லிய தகடு ஒன்று. அதற்குள் செம்புக் கம்பிச் சுருள், சுருளின் முதுகில் ஃபெரைட் தாள், ஓரத்திலிருந்து ரிப்பன் மாதிரி ஒரு பட்டை, பட்டையின் நுனியில் டைப்-சி பின். பின்னைச் சொருகி, பட்டையை அடிப்பக்கமாக மடித்து, தகட்டைப் போனின் முதுகில் ஒட்டி, மேலே ஷாக் ப்ரூஃப் கவரை மாட்டிவிட்டால் முடிந்தது. கவரின் அடியில் உள்ள ரப்பர் மூடியை இனித் திறக்க வேண்டியதில்லை. சார்ஜிங் தட்டின்மேல் போனை வைத்தால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு உள்ள ஒரே நல்ல வாதம் அந்த ரப்பர் மூடிதான் என்பது என் கருத்து. மேசையில் வைத்தாலே ஏறிவிடும் என்கிற சொகுசெல்லாம் டவுன்காரர் பேச்சு. மூடியைத் தினமும் நகத்தால் நெம்பினால் சில மாதத்தில் அது தொளதொளத்துவிடும். செம்மண் உள்ளே போகும். அடுத்த முறை சார்ஜரைச் சொருகும்போது அந்த மண்ணை நாமே உள்ளே தள்ளி இடிப்போம். பிறகு பின் ஆட ஆரம்பிக்கும், ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கடைக்குப் போனால் ‘சார்ஜிங் போர்டு மாத்தணும்’ என்பார்கள். போர்டு மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் போனைப் பிரித்தவுடன் கம்பெனி ஒட்டிய பசையும் கேஸ்கெட்டும் விட்டுப்போகும். அதைச் சரியாக மறுபடி ஒட்டாவிட்டால், அது தண்ணீர் புகாத போன் என்பதெல்லாம் பெட்டியில் அச்சடித்ததோடு சரி. அந்த வாய்க்கு வேலை குறைவது உண்மையிலேயே லாபம்.

குறை இருப்பது மின்சாரம் போகும் பாதையில். போனிலேயே வயர்லெஸ் சார்ஜிங் இருந்தால், பின்மூடிக்குக் கீழே உள்ள சுருளிலிருந்து மின்சாரம் நேராக உள்ளே போகிறது; சார்ஜர் வாய் ஈரமாக இருந்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை. ஒட்டுகிற ரிசீவரில் அப்படியில்லை. தட்டிலிருந்து சுருளுக்குக் காற்றில் வந்த மின்சாரம், அங்கிருந்து பட்டை வழியாகப் போய், கடைசியில் அதே வாயில் உள்ள அதே பின்கள் வழியாகத்தான் போனுக்குள் நுழைகிறது. போனின் கணக்கில் அது சாதாரண சார்ஜர் வயர். ஈரத்தைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள போன், மழையில் நனைந்து வந்த இரவில் வயரை மறுப்பது போலவே இதையும் மறுத்துவிடும். அந்த வசதி இல்லாத போனில் கதை இன்னும் மோசம். ஈரத்தோடு 5 வோல்ட் பாய்ந்தால் பின்கள் அரிக்கும், பச்சைக் களிம்பு பூக்கும். வயராவது காலையில் கழன்று வாய்க்குக் காற்று விடும். ரிசீவரின் பின்னோ கழற்றப்படுவதே இல்லை. மூடிய கவருக்குள், மூடிய வாய்க்குள் மாட்டிய ஒரு சொட்டு ஈரம் காய்வதற்கு வழியே கிடையாது.

பழைய போன்களை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2013-இல் வந்த சோனி எக்ஸ்பீரியா இசட், 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 இரண்டிலுமே சார்ஜர் வாய்க்கு மூடி உண்டு. மூடியைச் சரியாக அழுத்தினால்தான் தண்ணீர்க் காப்பு. அந்த மாதிரி போனில் ரிசீவரின் பின் வாயில் உட்கார்ந்திருந்தால் மூடி மூடாது. தண்ணீருக்குப் பயந்து ஒட்டிய சாமானே கதவைத் திறந்து வைத்துவிடுகிறது! இந்தச் சிக்கலுக்கு அந்தக் கம்பெனிகள் கண்ட வழிகள் இன்றும் கவனிக்கத் தக்கவை. எஸ்5-இல் பின்மூடிக்கு உள்ளேயே தனி மின்தொடுமுனைகள் வைத்தார்கள். ரிசீவர் அங்கே தொட்டுக்கொள்ளும், சார்ஜர் வாயைத் தொட வேண்டியதில்லை. சோனி இசட்1 முதல் இசட்3 வரை பக்கவாட்டில் காந்தத் தொடுமுனை வைத்தது. பிறகு கேலக்ஸி எஸ்7 வந்த 2016-ஐ ஒட்டி, வாய் திறந்தே இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறாதபடி அடைத்த போன்கள் பரவின. வாயில் பின் நிரந்தரமாக இருந்தும் தண்ணீர்க் காப்பு கெடாது என்று ஓரளவு நம்பக்கூடியது இந்தப் பிற்கால வகையில் மட்டும்தான்.

கவர் தரும் தொல்லை வேறு. இந்தத் தட்டுகள் பின்பற்றும் கியூஐ (Qi) என்கிற வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் தட்டுக்கும் சுருளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் தாங்கும். ஷாக் ப்ரூஃப் கவரின் முதுகே மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அதில் ரிங் ஹோல்டரோ, கார் ஸ்டாண்டுக்கான இரும்புத் தகடோ இருந்தால் கேட்கவே வேண்டாம்: சார்ஜ் ஏறாது, தகடுதான் சுடும். கவரின் அடி விளிம்பு ரிப்பன் பட்டையை மடிப்பிலேயே நசுக்குவதும் உண்டு. மாட்டிய பிறகு கவரின் ரப்பர் மூடி பின்னின் தலைமேல் முழுசாக உட்காராமல் நகத்தளவு தூக்கிக்கொண்டு நின்றால், எதற்காக இத்தனையும் செய்தோமோ அதுவே போச்சு.

சூட்டைப் பற்றிய பயம் சமவெளியில் நியாயமானது. வயர்லெஸ்ஸில் வீணாகும் மின்சாரம் சூடாகவே வெளியேறுகிறது, தடித்த கவர் அதைப் போர்த்தி வைக்கிறது, லித்தியம் பேட்டரிக்குச் சூடு பகை. நாமக்கல் சித்திரை வெயிலில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆயிரம் மீட்டர் உயரத்தில் மார்கழி இரவில் அந்தப் பயம் பாதியாகிவிடும்.

ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போனால் வயர்லெஸ் கஞ்சத்தனம் காட்டும். இந்த ரிசீவர்கள் பெரும்பாலும் 5 வாட்தான் தரும். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. அதை நிரப்ப நாலைந்து மணி நேரம், தடித்த கவர் என்றால் ராத்திரி முழுக்க. கரண்ட் இருக்கும்வரை அது பிரச்சினையில்லை. பவர் பேங்கிலிருந்து தட்டுக்குக் கொடுத்தால், வயரில் ஒன்றரை முறை வரை நிரப்பும் 10,000 எம்ஏஎச், இங்கே ஒரு முறைக்கே திணறும். மரம் விழுந்து லைன் அறுந்த நாளில் இது சின்ன வித்தியாசமில்லை. அன்றைக்கு ரிசீவரைப் பிடுங்கிவிட்டு வயரைத்தான் தேடுவோம்.

பெட்டியில் போட்டிருக்கும் ஐபி68 என்கிற தண்ணீர்க் காப்புச் சமாச்சாரத்தையும் சேர்த்து எடை போட வேண்டும். அந்தச் சோதனை புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்தது. இரண்டு வருடம் ஜீப் டேஷ்போர்டில் குலுங்கிய போனுக்கு அந்த எண் பொருந்தாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியில் பெரும்பாலும் சேர்க்கவும் மாட்டார்கள்.

ஆகவே, வாய்க்கு மூடி உள்ள போன் என்றால் இந்த ரிசீவர் வேண்டாம். மூடியில்லாத பிற்கால வகை, கையில் தண்ணீரைவிட மண் அதிகம் படும் வேலை, ராத்திரியில் கரண்ட் போகாத வீடு என்றால் ஒட்டலாம். வாரம் ஒருமுறை கவரைக் கழற்றி, பின்னை உருவி, வாயைக் காயவிட வேண்டும். நனைந்த நாளில் கட்டாயம். அதற்குப் பொறுமையில்லாதவர், அடுத்த போன் வாங்கும்போது வயர்லெஸ் சார்ஜிங் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கட்டும். அதுவரை ராத்திரி சாப்பிட்டு முடிக்கும்வரை போனை வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வயரைச் சொருகலாம்.