மாத்திரை: அளவும் பொருளும்

மருந்துக் குறிப்புகளைத் தமிழாக்குவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் 'மாத்திரை' ஒன்று. இச்சொல்லின் பொருள்மாற்றத்தையும், அதனால் மொழிபெயர்ப்பில் நேரக்கூடிய இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடமொழி 'மாத்ரா' அளவு என்னும் பொருளது. தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பொழுது, கைந்நொடிப்பொழுது ஆகியவற்றால் வரையறுக்கிறது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை எனக் கணக்கிடுகிறது. சித்த மருத்துவம் வகுத்த 32 அகமருந்துகளுள் மாத்திரையும் ஒன்று. அளவிட்டு உருட்டிய மருந்து, அளவின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. இதனை அளவையாகுபெயரின்பாற் படுத்தலாம்.

கன்னடமும் தெலுங்கும் இவ்வகையில் தமிழோடு ஒத்துச் செல்கின்றன. இந்தியிலோ 'மாத்ரா' இன்றும் அளவையே, மருந்தைப் பொறுத்தவரை உட்கொள்ளும் அளவையே, சுட்டுகிறது. உருண்டை மருந்து அங்கே 'கோலி'. மலையாளத்தில் அது 'குளிக'. எனவே இந்தி மூலத்தின் 'மாத்ரா'வை ஒலியொப்புமை கருதி 'மாத்திரை' எனப் பெயர்ப்பது, அளவை எண்ணிக்கையாக்கிவிடும்.

இப்பிழை சொல்லளவில் நிற்பதன்று. பாராசிட்டமால் மருந்தின் உச்ச அளவு, உடல்நலமுள்ள பெரியவர்க்கு, நாளொன்றுக்கு 4 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரையாயின் அது 8 ஆகும். 'நாளுக்கு 8 மாத்திரை' என்று மட்டும் எழுதினால், 650 மில்லிகிராம் மாத்திரை வைத்திருப்பவர் 5.2 கிராம் உட்கொள்வார். அது கல்லீரலுக்குக் கேடாக முடியலாம்.

'டோஸ்' என்பதற்கு நிகராக வழங்கும் பிற சொற்களும் முழுமையுடையன அல்ல. 'அளவு' காலத்தைச் சுட்டாது. 'வேளை' அளவைச் சுட்டாது. 2021இல் தடுப்பூசி குறித்துப் பரவலாக வழங்கிய 'தவணை', கடன்வழக்கிலிருந்து வந்தது. ஒரு முழுமையின் பகுதியை உணர்த்துவது. ஆதலால் தொடர் தடுப்பூசிக்கு அது பொருந்தும்; ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மருந்துக்குப் பொருந்தாது.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் கலைச்சொல் நெறி இங்கு உதவாது. 'ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம். ஒரு நாளில் 4 கிராமுக்கு மிகாமல்' என அளவையும் காலத்தையும் பிரித்துரைப்பதே தக்கது. மாத்திரையின் எண்ணிக்கையைக் கூறுமிடத்து, ஒரு மாத்திரையின் எடையளவையும் உடன் கூறுதல் வேண்டும். சொற்சுருக்கத்தினும் நோயாளியின் நலமே மருத்துவ மொழிபெயர்ப்பில் முதன்மை பெறத்தக்கது.